நெல்லை மாவட்டத்துக்கு எந்த எண்ணை நம்புவது?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். நெல்லை, தென்காசி மாவட்டங்களில் பீடி சுற்றும் பெண்களின் வேலையும் கூலியும் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறீர்கள். மாவட்ட மக்கள்தொகை, பீடித் தொழிலாளர் எண்ணிக்கை, கூலி, கூடவே நெல் சாகுபடிக் காலமும் மழையும், இத்தனைக்கும் புள்ளிவிவரம் வேண்டும். தேடினால் இடத்துக்கு ஓர் எண் வருகிறது. நெறியாளரோ நம்பகமான மூலத்தைக் காட்டச் சொல்கிறார். "நல்ல தரவு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும் இடங்களைப் பத்து வரியில் சொல்லிவிடலாம். உங்களை மாட்டிவைத்திருப்பது வேறு: ஒரே பொருளுக்கு இரண்டு எண் கையில் இருக்கிறது, இரண்டிலும் அரசு முத்திரை இருக்கிறது. எதை எடுப்பது, ஏன் எடுத்தோம் என்று வாய்மொழித் தேர்வான வைவாவில் எப்படிச் சொல்வது? அதற்கே பதில் எழுதுகிறேன். இடங்கள் போகிற போக்கில் வந்துவிடும்.

மக்கள்தொகையில் தொடங்குவோம், அதில் வம்பே இல்லை என்று எல்லாரும் நினைப்பதால். 2011 கணக்கெடுப்பின்படி நெல்லை மாவட்ட மக்கள்தொகை என்று 30,72,880 ஓர் இடத்திலும், 30,77,233 இன்னோர் இடத்திலும் இருக்கும். இரண்டும் கணக்கெடுப்புத் துறை கொடுத்தவைதான். முதலாவது 2011-லேயே வெளியான தற்காலிகத் தொகை. இரண்டாவது, படிவங்களை முழுதும் செயலாக்கியபின் வந்த இறுதித் தொகை. வித்தியாசம் 4,353 பேர், அதாவது 0.14 சதவீதம். இது போனால் போகட்டும் என்று விடலாம். 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானபின் என்ன ஆனது என்று பாருங்கள். 2011 கணக்குப்படி இன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக்கு 16,65,253, தென்காசிக்கு 14,07,627 என்று பரவலாக எழுதுகிறார்கள். இரண்டையும் கூட்டுங்கள். 30,72,880 வரும். ஆக, பிரித்துப் போட்டவர்கள் தற்காலிகத் தொகையை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். இது தெரியாமல் ஒருவர் இறுதித் தொகையிலிருந்து தென்காசியின் 14,07,627-ஐக் கழித்தால் திருநெல்வேலிக்கு 16,69,606 என்று மூன்றாவதாக ஓர் எண் பிறக்கும். அது யாரும் எண்ணிய எண் அல்ல. ஆனால் அட்டவணையில் அடிக்குறிப்போடு உட்கார்ந்துவிட்டால் அதற்கும் ஒரு மரியாதை வந்துவிடும். எனவே எந்த அட்டவணையை எடுத்தாலும் முதல் வேலை, பகுதிகளைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடுவது. கால்குலேட்டரில் ஒரு நிமிட வேலை. பாதிக் குழப்பம் இதிலேயே வெளிச்சத்துக்கு வரும்.

இறுதித் தொகையை வைத்து இன்றைய எல்லைக்கு நீங்களே கணக்கிடலாம். 2011-ன் முதன்மைக் கணக்கெடுப்புச் சுருக்கம் கிராமம், வார்டு வரை இறங்குகிறது. மாநிலக் குறியீடு 33, திருநெல்வேலி மாவட்டக் குறியீடு 628. கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் எக்செல் கோப்பாகவே கிடைக்கும். அன்றைய மாவட்டத்தில் தாலுகாக்கள் பதினொன்று. சிவகிரி, சங்கரன்கோவில், வீரகேரளம்புதூர், ஆலங்குளம், தென்காசி, செங்கோட்டை ஆகிய ஆறையும் தென்காசிப் பக்கம் தள்ளிவிட்டு, திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் ஐந்தையும் நெல்லைக்கு வைத்துக்கொள்வதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் வழி. கிட்டத்தட்டச் சரிதான், ஆனால் கடையத்தில் கால் தடுக்கும். கடையமும் ஆழ்வார்குறிச்சியும் 2011-ல் அம்பாசமுத்திரம் தாலுகாவில் இருந்தவை. இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கின்றன. தாலுகா தாலுகாவாகக் கூட்டினால் அந்தச் சுற்று வட்டாரம் முழுக்கத் தப்பான மாவட்டத்தில் விழும். அது பீடி சுற்றும் வட்டாரம் என்பதால் உங்கள் ஆய்வுக்கு இது சில்லறைப் பிழை இல்லை.

ஆகவே தாலுகாவைக் கூட்டாதீர்கள், கிராமங்களைக் கூட்டுங்கள். இரண்டு மாவட்ட நிர்வாகங்களின் தளங்களிலும் தாலுகா, குறுவட்டம், வருவாய்க் கிராமம் என்ற வரிசையில் பட்டியல் இருக்கிறது. அதை எடுத்து 2011-ன் ஆறு இலக்கக் கிராமக் குறியீட்டோடு ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். பெயரை வைத்துப் பொருத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். குளம், குறிச்சி, பட்டி என்று முடியும் ஊர்ப்பெயர்கள் ஒரே மாவட்டத்தில் இரண்டு மூன்று இருக்கும். இன்னொன்று, கணக்கெடுப்பில் பேரூராட்சிகள் நகர்ப் பகுதியாகத் தனியே நிற்கும். வருவாய்க் கிராமப் பட்டியலில் அதே இடம் கிராமமாக இருக்கும். முக்கூடலைத் தேடும்போது கிராமங்களின் வரிசையில் காணவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், பேரூராட்சிகளின் வரிசையில் இருக்கும். இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து இந்த வேலைக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். பல கணக்கெடுப்புகளின் கிராமக் குறியீடுகளை முன்பே பொருத்தி வைத்திருக்கும் ஷ்ரக் (SHRUG) என்ற இலவசத் தரவுத்தொகுப்பு உண்டு. 1991, 2001, 2011 மூன்றையும் ஒப்பிடுவதானால் அதிலிருந்து தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பழைய காலத்தோடு ஒப்பிடுகிற எண்ணமிருந்தால் ஓர் எச்சரிக்கை. "திருநெல்வேலி மாவட்டம்" என்ற பெயர் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது, மாவட்டம் அப்படியே இல்லை. 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது வடக்குப் பகுதி போனது. 1956 நவம்பரில் செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து வந்து சேர்ந்தது. 1986 அக்டோபரில் தூத்துக்குடி பிரிந்தது. 2019-ல் தென்காசி பிரிந்தது, வந்த செங்கோட்டையும் அதோடு போனது. 1981, 1991 எண்களை அப்படியே வரைபடத்தில் போட்டால் பத்து வருஷத்தில் மாவட்டமே காலியானதுபோலத் தெரியும். அந்தச் சரிவுக்குக் காரணம் தேடி ஒரு அத்தியாயம் எழுதும் ஆபத்தும் உண்டு. 2011-க்குப் பிறகு மக்கள்தொகையை எண்ணி முடித்த கணக்கெடுப்பு இல்லை, அடுத்ததன் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. ஆகவே "2021 சென்சஸ்", "2025 மக்கள்தொகை" என்று மாவட்டத்துக்கு எங்கே எண் கண்டாலும் அது யாரோ வளர்ச்சி விகிதம் போட்டு நீட்டியது. 2036 வரைக்குமான அதிகாரபூர்வ மதிப்பீட்டை மத்திய அரசின் நிபுணர் குழு 2020-ல் வெளியிட்டிருக்கிறது. அது மாநில அளவோடு நிற்கிறது, மாவட்டத்துக்கு இறங்கவில்லை.

இனி பீடிக்கு வருவோம். இங்கே ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடலாம்: மாவட்டத்தில் பீடி சுற்றுவோர் இத்தனை பேர் என்று ஒற்றை நம்பகமான எண் கிடையாது. உங்கள் நெறியாளர் கேட்டாலும் கிடையாது. எண்ணியவர் ஒவ்வொருவரும் வேறு வேறு காரணத்துக்காக எண்ணியிருக்கிறார்கள். ஒவ்வொரு எண்ணும் எந்தப் பக்கம் சாயும் என்பது மட்டும் தெரியும். பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டப்படி மத்திய தொழிலாளர் நல அமைப்பு கொடுக்கும் அடையாள அட்டைகளின் எண்ணிக்கை மேல்பக்கம் சாயும். பிள்ளைகளின் உதவித்தொகைக்கும் மருத்துவத்துக்கும் அட்டை வேண்டியிருப்பதால் வாங்கி வைத்திருப்பார்கள். சுற்றுவதை விட்டபின் யாரும் அட்டையைத் திருப்பிக் கொடுப்பதில்லை. வருங்கால வைப்பு நிதிக் (பி.எஃப்.) கணக்குகளின் எண்ணிக்கை கீழ்ப்பக்கம் சாயும். சுற்றிக் கொடுத்த கணக்கை எழுதும் பாஸ் புத்தகம் அம்மா பெயரில் இருக்கும், அதில் மகளும் மருமகளும் சேர்ந்து சுற்றிக் கொடுப்பார்கள். மூன்று பேர் உழைப்பு ஏட்டில் ஒரு பெயர். அமைப்புசாராத் தொழிலாளருக்காக 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவைப் பார்த்து ஏமாறவேண்டாம். பி.எஃப். உறுப்பினர் அதில் சேர முடியாது என்பது விதி. ஆக, முறையாகப் பதிவான பீடித் தொழிலாளிகளே அதில் இல்லாமல் போகிறார்கள். தவிர, தொழிலை அவரவரே சொல்லிப் பதிவதுதான் அங்கே முறை. தொழிற்சங்கம் சொல்வது உறுப்பினர் கணக்கு. கோரிக்கை மனுவில் வரும் எண் அதைவிடப் பெரியதாகவே இருக்கும், அதில் தப்பொன்றுமில்லை, அது பேரம் பேசுவதற்கான எண்.

2011 கணக்கெடுப்பில் பீடி என்று தனிக் கட்டம் கிராம அளவில் கிடையாது. உழைப்பாளர்களை விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், இதர வேலை என்று நான்காகப் பிரித்திருக்கிறார்கள். வீட்டில் பீடி சுற்றுபவர் வீட்டுத் தொழிலில் விழ வேண்டும். அதே கட்டத்தில்தான் பத்தமடையில் கோரைப் பாய் முடைகிறவரும், தறி நெய்கிறவரும், ஓலைப்பெட்டி முடைகிறவரும் இருப்பார்கள். மேலப்பாளையம் வார்டுகளிலோ முக்கூடலிலோ வீட்டுத் தொழில் பெண்களின் பங்கு உயர்ந்திருந்தால் அதைப் பீடியின் அறிகுறி என்று எடுத்துக்கொள்ளலாம். பீடித் தொழிலாளர் எண்ணிக்கை என்று எழுதக்கூடாது. ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர் முதன்மை உழைப்பாளர், குறைவானால் குறுகிய காலத்தவர். இரண்டையும் சேர்த்து எடுங்கள். பீடி இலையும் புகையிலைத் தூளும் ஒழுங்காகக் கிடைக்காத வருஷத்தில் பலர் இரண்டாவது கட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு, அதாவது பி.எல்.எஃப்.எஸ்., பீடியைத் தனியே பிரிக்கிறது. தேசியத் தொழில் வகைப்பாட்டில் (NIC 2008) பீடி தயாரிப்புக்கு ஐந்து இலக்கக் குறியீடு 12002. தனிநபர் அளவிலான மூலத் தரவு புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் பெயர் பதிந்தால் இலவசம். ஆனால் இதில் நான்கு இடத்தில் சறுக்கும். முதலாவது, கூலித் தொழிலாளர் என்று வடிகட்டினால் பீடிப் பெண்கள் மொத்தமாகக் காணாமல் போவார்கள். கம்பெனி கொடுக்கும் பொருளை வீட்டில் வைத்து எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவரை இந்த ஆய்வு சுயதொழில் செய்பவராகத்தான் கொள்கிறது. நமக்கு அது பொருந்தாததாகத் தோன்றலாம், விதி அதுதான். இரண்டாவது, முதன்மை நிலையில் மட்டும் தேடாதீர்கள். "வேலை பார்க்கிறீங்களா?" என்று கேட்டால், "இல்ல, வீட்டுலதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே சுளகில் இருக்கும் இலையை வெட்டிக்கொண்டிருப்பார்கள். அப்படிச் சொன்னவர் 92 என்ற குறியீட்டில், அதாவது வீட்டு வேலை மட்டும் என்ற கணக்கில் போயிருப்பார். வருஷத்தில் 30 நாளாவது செய்த துணை வேலையை இந்த ஆய்வு தனியாகக் கேட்கிறது. அந்தப் பத்தியிலும் 12002-ஐத் தேடி இரண்டையும் சேர்க்க வேண்டும். மூன்றாவது, மாவட்டக் குறியீடு. இந்த ஆய்வின் மாவட்ட எண்ணும் சென்சஸின் மாவட்ட எண்ணும் ஒன்றல்ல. தரவோடு வரும் பட்டியலைப் பாராமல் 628 என்று தேடினால் ஒன்றும் வராது.

நான்காவது பெருக்கெண். மாதிரியில் வரும் ஒவ்வொரு நபரும் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்பதைச் சொல்லும் எண் அது. 2024 வரையிலான கோப்புகளில் அதை அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஒரு துணை மாதிரியின் எண்ணிக்கையும் (NSS), துணை மாதிரிகள் சேர்ந்த எண்ணிக்கையும் (NSC) கோப்பில் இருக்கும். அவை சமமாக இருந்தால் 100-ஆலும், இல்லாவிட்டால் 200-ஆலும் வகுக்க வேண்டும். ஆண்டுக் கணக்கு என்றால் காலாண்டுகளின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். செய்தது சரியா என்று பார்க்க ஒரு வழி: தமிழ்நாட்டின் எல்லாப் பெருக்கெண்களையும் கூட்டிப் பாருங்கள். ஏழு கோடிக்குப் பக்கத்தில் வந்தால் சரி. நூற்றுக்கணக்கான கோடி வந்தால் வகுக்க மறந்திருக்கிறீர்கள். சரியாகச் செய்தாலும் மொத்தம் உண்மையான மக்கள்தொகையைவிடக் கொஞ்சம் குறைந்தே வரும், இந்த ஆய்வின் சுபாவம் அது. அதனால் எண்ணிக்கையை நேரே எடுக்காமல் விகிதத்தை எடுத்து, அதிகாரபூர்வ மக்கள்தொகை மதிப்பீட்டால் பெருக்குவது வழக்கம்.

இவ்வளவும் செய்தபின் நெல்லை மாவட்டத்தில் 12002-ல் எத்தனை பெண்கள் மாதிரியில் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பெருக்கிய எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், பெருக்காத தலைக்கணக்கை. அது இருபது முப்பது என்றால் அதை வைத்து மாவட்டச் சராசரி சொல்லக்கூடாது. 2024 வரை இந்த ஆய்வின் மாதிரி, மாநிலத்துக்குத்தான் உறுதியான மதிப்பீடு தரும்படி வடிவமைக்கப்பட்டது. 2025 ஜனவரி முதல்தான் மாவட்டத்தையே அடிப்படை அடுக்காக வைத்து மாதிரியையும் பெரிதாக்கியிருக்கிறார்கள். முந்தைய வருஷங்களுக்கு ஒரு மாற்று உண்டு: தமிழ்நாட்டை இந்த அலுவலகம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது, நம் ஜில்லாக்கள் தெற்கு மண்டலத்தில் வரும். மூன்று வருஷத் தரவைச் சேர்த்துத் தெற்கு மண்டலம் என்ற அளவில் பேசினால் தலைக்கணக்கு தாங்கும். சேர்க்கும்போது பழையவை ஜூலையிலிருந்து ஜூன் வரை, புதியவை ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் ஒரே பானையில் போடாதீர்கள்.

இதே சிறு மாதிரிச் சிக்கல்தான் தேசியக் குடும்ப நல ஆய்விலும். மாவட்டத் தகவல் தாள் சில பக்கம்தான், பார்க்க லட்சணமாக இருக்கும், எல்லாரும் அதிலிருந்து எடுப்பார்கள். ஐந்தாம் சுற்று 2019–21 என்று போட்டிருந்தாலும் அது 2017 மார்ச் 31 அன்று இருந்த 707 மாவட்டங்களுக்கானது. ஆகவே அதில் உள்ள திருநெல்வேலி, தென்காசியும் சேர்ந்த பழைய திருநெல்வேலி. தாளில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் 25 முதல் 49 பேரிடமிருந்து மட்டும் வந்தது. நட்சத்திரம் போட்டிருந்தால் 25-க்கும் குறைவு, எண்ணே கொடுக்கவில்லை. அடைப்புக்குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தட்டச்சு செய்வது ஆய்வேடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. நாலாம் சுற்றுக்கும் ஐந்தாம் சுற்றுக்கும் இடையே மூன்று புள்ளி கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று எழுதுமுன் ஒரு கணக்கு. ஒரு மாவட்டத்தில் 900 பெண்களைக் கேட்டதாகவும், விடை பாதிக்குப் பாதி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மாதிரியானால் பிழை எல்லை இருபக்கமும் 3.3 புள்ளி. ஒரே தெருவில் பல வீடுகளை எடுப்பதால் சிதறல் இரட்டிப்பாவதாகக் கொண்டால் 4.6 புள்ளி. அப்படிப்பட்ட இரண்டு சுற்றுகளின் வித்தியாசத்துக்கு எல்லை 6.5 புள்ளி ஆகிவிடும். அப்போது மூன்று புள்ளி மாற்றத்துக்குக் காரணம் தேடுவது காற்றைப் பிடித்துக் கட்டுவதுதான்.

மருத்துவமனைப் பதிவுகளை எடுப்பதானால் இன்னொரு கோளாறு. அவை நிகழ்ந்த இடத்தின் கணக்கு. தென்காசிப் பக்கத்துப் பெண் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பிரசவித்தால் அது திருநெல்வேலியின் பிரசவம். பிறப்புப் பதிவும் நிகழ்ந்த இடத்தில்தான். எனவே அந்த எண்ணை உள்ளூர் மக்கள்தொகையால் வகுத்து விகிதம் போடாதீர்கள்.

கூலிக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியம் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று இருக்கும், அரசாணையே மூலம். அது கையில் வந்த பணம் ஆகாது. கணக்குக்காக மட்டும் ஆயிரத்துக்கு 250 ரூபாய் என்று வையுங்கள். ஒருவர் ஒரு நாளில் 800 சுற்றினால் 200 ரூபாய். பீடிக் கடையில் சரியில்லை என்று 40 பீடியைக் கழித்துவிட்டால் 10 ரூபாய் போனது. கொடுத்த இலை பற்றாமல் வெளியில் 15 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் மிச்சம் 175. இதை 26-ஆல் பெருக்கி மாத வருமானம் என்று எழுதுவது அடுத்த பிழை; வாரத்தில் எத்தனை நாள் இலையும் தூளும் போட்டார்கள் என்று கேட்காமல் பெருக்க முடியாது. பல வருஷக் கூலியை விலைவாசி கழித்து ஒப்பிட, தொழிலாளர் பணியகத்தின் ஆலைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டை எடுப்பார்கள். 2020 செப்டம்பரில் அதன் அடிப்படை ஆண்டு 2001-லிருந்து 2016-க்கு மாறியது. ஆகஸ்டில் 338 இருந்த எண் செப்டம்பரில் 118.1 ஆனது. விலை விழுந்துவிடவில்லை. புதிய எண்ணை 2.88-ஆல் பெருக்கினால்தான் பழைய தொடரோடு சேரும். இந்தப் பெருக்கலை விட்டால் ஒரே மாதத்தில் பீடிப் பெண்ணின் மெய்க்கூலி மூன்று மடங்கானதாக உங்கள் வரைபடம் சொல்லும்.

சாகுபடிக் காலம் கேட்டிருந்தீர்கள், நடவுக்கும் அறுப்புக்கும் பெண்கள் வயலுக்குப் போகிற நாட்களைப் பார்ப்பதற்காக. பொருளியல் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் வெளியிடும் பருவ–பயிர் அறிக்கைதான் அடிப்படை. அதில் நெல்லின் கார் பருவத்தைத் தனியாகத் தேடினால் குறுவை, சொர்ணவாரியோடு ஒரே தலைப்பில் சேர்ந்து நிற்கும். நம் பிசானப் பருவம், தஞ்சாவூரின் சம்பா, தாளடியோடு சேர்ந்திருக்கும். மாவட்ட வரியைப் பார்த்தால் போதும், நம் மாவட்டத்தில் அந்தப் பத்தி கார், இந்தப் பத்தி பிசானம். ஆண்டு என்பது ஜூலை முதல் ஜூன் வரை. கிராமக் கணக்குகளில் அதையே பசலி என்பார்கள். பசலி எண்ணோடு 590 கூட்டினால் தொடங்கும் ஆங்கில வருஷம். பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. கார் விதைப்பு ஜூன் வாக்கில் தொடங்குவதால் எந்தப் பசலியில் அது பதிவாகிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள், ஊகிக்காதீர்கள். விளைச்சல் தலைப்பில் நெல்லா அரிசியா என்றும் பாருங்கள், இரண்டுக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். பத்திரிகையில் வரும் பாபநாசம் அணை மட்டம் அடிக்கணக்கு, கொள்ளளவு அல்ல. 143 அடி அணையில் 71 அடி என்றால் பாதித் தண்ணீர் என்று பொருளில்லை, அடியில் அணை குறுகல்.

மழைக்கு இந்திய வானிலைத் துறையின் கட்டத் தரவு 1901 முதல் நாள்வாரியாக இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கட்டம் கால் பாகை, சுமார் 27 கிலோமீட்டர். மாஞ்சோலை, நாலுமுக்கின் மழையும் மலையடிவாரத்துக் காய்ந்த காட்டின் மழையும் அந்தக் கட்டத்துக்குள் கலந்து சராசரியாகிவிடும். மலையோரத்து ஊர்களுக்கு அருகிலுள்ள மழைமானியின் பதிவே மேல். தேதியையும் கவனியுங்கள்: ஒரு நாளின் மழை என்பது அன்று காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தின் மழை. 2023 வெள்ளத்தில் காயல்பட்டினத்தின் 95 செ.மீ. டிசம்பர் 18-ல் பதிவாகியிருக்கிறது, அதில் பெரும்பகுதி பெய்தது 17-ஆம் தேதி.

இணையத்தில் இல்லாதவற்றுக்குக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்துக்கு வழி கேட்டுப் போய், துறைத்தலைவரின் கடிதத்தோடு மாவட்டப் புள்ளியியல் கையேட்டின் பழைய வருஷங்களைப் பார்க்கக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம்: கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கேள்வியை எழுதும் விதத்தில்தான் காரியம் இருக்கிறது. "பீடித் தொழிலாளர்களின் நிலை குறித்த விவரம் தருக" என்றால் பதில் வராது. இல்லாத தொகுப்பை உங்களுக்காகத் தயாரிக்க வேண்டிய கடமை அலுவலகத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. "இந்த வருஷம் முதல் இந்த வருஷம் வரை, ஆண்டுவாரியாக வழங்கப்பட்ட அடையாள அட்டைகளின் எண்ணிக்கை உள்ள பதிவேட்டுப் பக்கங்களின் நகல்" என்று கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. வாங்கிய கோப்பு பழைய எழுத்துருவில், வானவில்லிலோ பாமினியிலோ இருந்தால் நகலெடுத்து ஒட்டும்போது குப்பையாக வரும். யூனிகோடுக்கு மாற்றியபின் எண்களை மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிற ஆய்வேடுகளில் கிடைக்கும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார், அவர் ஒரு நாளிதழைக் காட்டுவார், நாளிதழ் ஒரு சங்கத் தலைவரின் பேச்சைக் காட்டும். அட்டவணை எண்ணோடு மூலம் கிடைக்கும்வரை பின்னால் போங்கள். கிடைக்காவிட்டால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள், அல்லது "சங்கத்தின் மதிப்பீடு" என்று பெயர் சொல்லிப் போடுங்கள். உங்கள் அத்தியாயத்தில் அட்டை, பி.எஃப்., சென்சஸ், பி.எல்.எஃப்.எஸ். நான்கையும் ஒரே அட்டவணையில் வைத்து, எண்ணியவர் யார், எந்த நாள், எந்த எல்லை, மேலே சாயுமா கீழே சாயுமா என்று நான்கு பத்தி சேருங்கள். எந்தப் புள்ளியியல் சோதனை பொருந்தும் என்பது உங்கள் கருதுகோளைப் பொறுத்தது, அதை நெறியாளரோடுதான் முடிவு செய்ய வேண்டும். நீங்களே வீடு வீடாகக் கேட்கப்போனால் "வேலை பார்க்கிறீங்களா?" என்று தொடங்காமல், "இந்த வீட்டுல யாரெல்லாம் பீடி சுத்துறீங்க, பாஸ் புத்தகம் யார் பேர்ல?" என்று கேளுங்கள். பத்து வீட்டில் கேட்டதும் ஒரு புத்தகத்துக்கு எத்தனை கைகள் என்ற விகிதம் தெரியத் தொடங்கும். மாதிரியை ஒழுங்காக எடுத்து அந்த விகிதத்தைக் கொண்டுவந்தால் பி.எஃப். கணக்கின் குறையைச் சரிசெய்ய ஒரு வழி கிடைக்கும். இறக்கிய ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் இறக்கிய தேதியைச் சேர்த்து, மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். அரசுத் தளங்களில் இணைப்புகள் சொல்லாமல் மாறும், வைவா நாளில் அந்தப் பக்கம் அங்கே இருக்குமென்று எதிர்பார்க்காதீர்கள்.